உப்பு ஏறிய மலை: ரிவர்ஸ்டன் பாதையும் எமது வணிக வரலாறும்

ரிவர்ஸ்டனுக்கு இப்போது ஆட்கள் காற்று வாங்கவும் படம் எடுக்கவும் போகிறார்கள். மாத்தளையிலிருந்து இரத்தோட்டை, அங்கிருந்து வளைவு வளைவாக மேலே. உச்சியைத் தாண்டினால் பிட்டவல பத்தனை, அதன் ஓரத்தில் சின்ன உலக முடிவு, இன்னும் இறங்கினால் சேர எல்ல நீர்வீழ்ச்சி. சனி, ஞாயிறுகளில் வேன்கள் வரிசையாக நிற்கும். இந்த மலையை வணிக வரலாற்றோடு சேர்த்துப் பேசுவோர் குறைவு. பேச வேண்டும் என்பது என் எண்ணம்.

மலைக்கு அப்பால் இருப்பது லக்கல. நெல் விளையும், மிளகு படரும், காட்டு நிழலில் ஏலம் காய்க்கும். உப்பு மட்டும் விளையாது. உப்பும் கருவாடும் துணியும் இரும்பும் வெளியிலிருந்து வந்தாக வேண்டும். அவற்றுக்கு விலையாகக் கொடுக்க மிளகும் ஏலமும் வெளியே போயாக வேண்டும். வண்டி ஏறாத இந்தச் சரிவுகளில் அந்தப் போக்குவரத்தைச் செய்தது பொதிமாடு. முதுகின் இரு பக்கமும் சாக்குத் தொங்க, கழுத்து மணி ஒலிக்க, ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் மாட்டுக் கூட்டத்தைத்தான் 'தவளம்' என்றார்கள். சிங்களத்தில் 'தவலம'. தமிழ் படித்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. பழந்தமிழில் 'தாவளம்' என்றால் தங்குமிடம். இடைக்கால வணிகக் குழுக்களின் கல்வெட்டுகளில் அது சந்தை கூடும் இடத்தையும் குறிக்கிறது. தங்குமிடத்தின் பெயர் நடந்துகொண்டே இருக்கும் மாட்டுக் கூட்டத்துக்கு வந்து சேர்ந்தது ஓர் அழகு. அன்றைய வணிகனுக்கு வழிதானே வீடு!

ஒரு நாடு ஏன் செழிக்கிறது, ஏன் வறுமைப்படுகிறது என்று கேட்டால் இன்றைய பொருளியலாளர் பொருளாதாரச் சுதந்திரம், முயற்சியாண்மை என்று பெரிய சொற்களைச் சொல்வார்கள். சொற்கள் புதியவை, செய்தி பழையது. 1377இல் 'முகத்திமா'வை எழுதிய இப்னு கல்தூன் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆட்சியாளன் தானே வணிகனாகிச் சந்தையில் இறங்கினால் குடிகள் கெடுவார்கள், வரி வருமானமும் கெடும் என்பது அவர் வாதம். உழைத்துச் சேர்த்தது தன் கையில் நிற்காது என்று தெரிந்துவிட்டால் மனிதன் உழைப்பதை நிறுத்திவிடுவான். அவன் நிறுத்தினால் சந்தை வெறிக்கும், ஊர் வெறிக்கும், கடைசியில் அரசும் வெறிக்கும். வட ஆபிரிக்க அரசுகளைப் பார்த்து எழுதியது இது. ஆனால் மூன்று நூற்றாண்டுகளின் பின் கண்டி இராச்சியத்துக்குள் அடைபட்டுக் கிடந்த ஓர் ஆங்கிலேயன் எழுதியதோடு இதை வைத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது.

அந்தக் கதைக்கு வருமுன், வழிகள் எப்படி அடைபட்டன என்று பார்த்துவிடுவோம். 1626இல் போர்த்துக்கேயர் தமது ஆட்சிக்குட்பட்ட கரையோரத்திலிருந்து முஸ்லிம்களை விரட்டினார்கள். கண்டி மன்னன் செனரத் அவர்களை ஏற்று, அவர்களில் 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான். இந்தச் செய்தியை எங்கட ஆக்கள் எல்லோரும் சொல்லுவாங்க, மேடைதோறும் கேட்கலாம். அடுத்து வந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. செனரத்தின் மகன் இரண்டாம் இராஜசிங்கன் 1638இல் ஒல்லாந்தருடன் ஒப்பந்தம் செய்து போர்த்துக்கேயரைத் துரத்தினான். இஞ்சியைக் கொடுத்து மிளகாய் வாங்கிய கதை என்று சிங்களத்தில் ஒரு பழமொழி இதற்கு வழங்குகிறது. ஒல்லாந்தக் கம்பனி கறுவா, யானை, முத்து, பாக்கு எல்லாவற்றையும் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. கண்டியின் துறைமுகங்கள் ஒவ்வொன்றாக அடைபட்டன. மறுபுறம் மன்னனும் தன் எல்லைக் கடவத்தைகளை விரும்பியபோது திறப்பான், விரும்பியபோது மூடுவான்.

ரொபர்ட் நொக்ஸ் 1660இல் கொட்டியாரக் குடாவில், இன்றைய மூதூருக்கு அருகே, தந்தையுடனும் கப்பல் ஆட்களுடனும் பிடிபட்டார். பத்தொன்பது ஆண்டுகள் கண்டி நாட்டில் இருந்தார். அவர் நூல் 1681இல் இலண்டனில் அச்சானது. அதில் பாக்கைப் பற்றி ஒரு குறிப்பு இருக்கிறது. இந்த நாட்டு மக்கள் உடுக்கத் துணி வாங்குவதற்கு இருந்த துணையே பாக்குத்தான் என்கிறார். கரைநாட்டுச் சோழமண்டல வணிகருக்குப் பாக்கைக் கொடுத்துத் துணியும் உலோகமும் வாங்கினார்கள். துறைகள் திறந்திருந்த காலத்தில் 20,000 பாக்குக்கு ஒரு டொலர் விலை. துறைகள் மூடியபின் பாக்கு மரத்தடியில் விழுந்து அழுகியது.

மரத்தடியில் அழுகிய பாக்கு என்றால் உடுக்கத் துணி இல்லாத ஒரு குடும்பம் என்று வாசிக்க வேண்டும். வணிகத்தைத் தடுத்தால் வணிகன் மட்டும்தான் நட்டப்படுவான் என்று இன்றைக்கும் பலர் நினைக்கிறார்கள். பாக்கை மலையிலிருந்து இறக்கிய மாட்டுக்காரன் ஒருவனுக்கு நட்டம் என்றால், பாக்கு பறித்த நூறு பேருக்கு அதைவிட நட்டம். அந்த நூறு பேரில் பெரும்பாலோர் சிங்களக் குடியானவர்கள்.

நொக்ஸின் இன்னொரு குறிப்பு இப்னு கல்தூனுக்கு இன்னும் நெருக்கமானது. மக்கள் வயிற்றுக்கும் உடுப்புக்கும் வேண்டியதற்கு மேல் தேட முனைவதில்லை, மிஞ்சியது தமக்கு நிற்காது, அதிகாரிகள் கைக்குப் போய்விடும் என்று அறிந்திருந்தார்கள் என்கிறார். சோம்பேறிகள் என்று வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் பின்னாளில் கண்டி மக்களைப் பற்றிப் பரப்பிய கதைக்கு, இருநூறு ஆண்டு முந்தியே ஒரு வெள்ளைக்காரன் மறுப்பு எழுதி வைத்துவிட்டான். இந்த நொக்ஸ் எப்படித் தப்பினார்? வணிகத்தால்தான். தொப்பி பின்னி விற்றார். நெல்லை வட்டிக்குக் கொடுத்தார் (அதை நாம் விட்டுவிடுவோம்). பிறகு சில்லறைச் சாமான் மூட்டையைத் தோளில் போட்டு ஊர் ஊராகத் திரிந்தார். திரிந்தபோது வழிகளைப் படித்துக்கொண்டார். 1679இல் அனுராதபுரம் தாண்டி அரிப்புக் கோட்டையை அடைந்தார். கைதிக்குக்கூட வணிகன் என்ற பெயரில் நடமாட ஓர் இடைவெளி இருந்தது.

அந்த இடைவெளிக்குள்தான் எமது முன்னோரும் வாழ்ந்தார்கள். கண்டி அரசில் பொதிமாட்டுப் போக்குவரத்துக்கு 'மடிகே பத்த' என்று ஒரு தனித் துறையே இருந்தது. அதில் முஸ்லிம்கள் மட்டும் இருக்கவில்லை, ஆனால் அவர்களே முக்கியமானவர்கள். குருநாகல் மாவட்டத்து மடிகே மிதியால போன்ற ஊர்ப்பெயர்களில் அந்தத் துறை இன்னும் உயிரோடு இருக்கிறது. லோர்னா தேவராஜா 1994இல் வெளியிட்ட இலங்கை முஸ்லிம்கள் பற்றிய நூல் இந்த உறவை விரிவாகப் பேசுகிறது. அரண்மனை வைத்தியம், தூது, மாட்டுப் போக்குவரத்து என்று முஸ்லிம்கள் கண்டி அரசோடு எவ்வளவு ஒன்றியிருந்தார்கள் என்பதை அவர் காட்டினார். எமது விழா மலர்கள் அதிலிருந்து 'மன்னர் எமக்குச் சலுகை தந்தார்' என்ற ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டன.

அந்த வரியில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. மடிகேகாரன் சுதந்திர வணிகன் அல்லன். நிலம் வைத்திருப்பதற்கும் வணிகம் செய்வதற்கும் பதிலாக, மன்னனின் நெல்லையும் பாக்கையும் அவன் மாடுகள் கூலியின்றிச் சுமக்க வேண்டும். அது இராஜகாரியம். நொக்ஸ் சொல்லும் இன்னொரு செய்தியும் இருக்கிறது. கண்டியிலிருந்த பள்ளிவாசலுக்காக ஒவ்வொரு நிலக்காரனும் ஒரு சிறு பணம் கொடுக்க வேண்டும் என்று முன்னைய மன்னன் ஒருவன் ஆணையிட்டிருந்தான். வீடு பூட்டிக் கிடந்தால் திறந்து அந்தப் பெறுமதிக்குச் சாமான் எடுக்கவும் உரிமை கொடுத்திருந்தான். இதைப் படித்த எமது ஆட்கள் மகிழ்ந்துபோகிறார்கள். நான் அந்தப் பூட்டிய வீட்டுக்காரனை நினைத்துப் பார்க்கிறேன். வயலிலிருந்து திரும்பி வந்து கதவு திறந்து கிடப்பதைக் காணும் அவனுக்கு அடுத்த முறை தவளத்தின் மணிச்சத்தம் எப்படிக் கேட்டிருக்கும்? சலுகை ஒருவருக்குக் கிடைத்தால் அதன் செலவு இன்னொருவர் தலையில் எழுதப்படுகிறது. உரிமை அப்படியல்ல, எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால்தான் அது உரிமை.

1766இல் ஒல்லாந்தர் போரில் வென்று, கண்டியைச் சுற்றியிருந்த கரையோரம் முழுவதையும் எழுதி வாங்கினார்கள். கண்டிக்கு ஒரு துறைமுகம்கூட மிஞ்சவில்லை. உப்பளங்களில் உப்பு எடுத்துக்கொள்ளும் உரிமையையாவது கண்டி மக்களுக்கென்று அந்த ஒப்பந்தத்தில் எழுத வேண்டியிருந்தது. ஒரு நாட்டின் உப்பு இன்னொருவன் கையெழுத்தில் தொங்கியது. பத்தாண்டு கழித்து, 1776இல், அடம் சிமித் தன் பெருநூலில் ஒல்லாந்தரைச் சாடினார். விலை இறங்காதிருக்க வாசனைத் திரவியங்களைத் தீயிட்டு அழிக்கும் கம்பனிக்காரர்கள் என்று மொலுக்காத் தீவுகளைச் சுட்டி எழுதினார்.

கண்டி அரசின் கடைசி அத்தியாயத்தையும் வணிகர்களை வைத்தே சொல்லலாம். 1814இல் ஆங்கிலேயப் பகுதியிலிருந்து வந்த பத்து வணிகர்களை ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் ஒற்றர்கள் என்று சந்தேகித்து, மூக்கையும் காதையும் கையையும் வெட்டினான். ஏழு பேர் அங்கேயே மாண்டார்கள். மூவர் வெட்டுண்ட உறுப்புகள் கழுத்தில் தொங்கக் கொழும்பு வந்து சேர்ந்தார்கள். ஆங்கிலேயர் எப்படியும் ஒரு சாட்டுத் தேடிக்கொண்டிருந்தவர்கள்தான். ஆனாலும் அந்தச் சாட்டைக் கொடுத்தது, வணிகனையும் ஒற்றனையும் பிரித்துப் பார்க்க முடியாத ஓர் அச்சம். 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தானது.

அடுத்த காட்சியில் அடிபட்டவர் எம்மவர். 1817இல் ஆங்கிலேயர் வெல்லஸ்ஸவில் ஹாஜி மரைக்கார் என்பவரை மடிகே முகாந்திரமாக நியமித்தார்கள். அதுவரை கண்டிப் பிரதானிகளுக்குக் கீழிருந்த முஸ்லிம் மாட்டுக்காரர்கள் அவர்கள் கையிலிருந்து விலகினார்கள். படைகளுக்குச் சாமான் சுமக்கத் தவளம் வேண்டும், அதற்காகத்தான் இந்த 'விடுதலை'. அந்த ஆண்டின் பிற்பகுதியில் கிளர்ச்சி வெடித்தது. ஹாஜி பிடிபட்டுக் கொல்லப்பட்டார். அவரை மீட்கப் போன ஏற்பாட்டில் ஆங்கிலேய அதிகாரி சில்வெஸ்டர் வில்சனும் உயிரிழந்தார். ஊவா-வெல்லஸ்ஸக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் எவ்வளவு கொடூரமாக அடக்கினார்கள் என்பது தெரிந்த கதை. எமக்கு அதில் படிக்க வேண்டியது வேறொன்றும் உண்டு. ஹாஜி மரைக்கார் துரோகியும் அல்லர், தியாகியும் அல்லர். பழைய எசமானின் சலுகையிலிருந்து புதிய எசமானின் சலுகைக்கு மாற்றப்பட்ட ஒரு சமூகத்தின் முன்வரிசையில் நின்றவர். அயலவனுக்குக் கிடைக்காத விடுதலை தனக்கு மட்டும் கிடைத்தபோது அதற்கு விலை கொடுத்தவர்.

எல்லோருக்குமான மாற்றம் அதற்குப் பின்புதான் வந்தது. கொழும்புக் கோட்டையிலும் புறக்கோட்டையிலும் முஸ்லிம்கள் சொத்து வைத்திருக்க ஒல்லாந்தர் போட்டிருந்த தடை 1832இல் நீங்கியது. கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி இராஜகாரியமும், 1833இல் கறுவா ஏகபோகமும் ஒழிந்தன. ஆனால் விடுதலை கொடுத்த கை வரியும் போட்டது. தேசாதிபதி டொரிங்டன் 1848இல் துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு ஆண்டுக்கு ஒரு பவுண் என்று விதித்தார். வீதி வேலைக்கு ஆறு நாள் உழைக்க வேண்டும், இல்லையேல் மூன்று சிலிங் கட்ட வேண்டும். கோப்பி விலை விழுந்து கிடந்த நேரம் அது. ஒரு பெட்டிக்கடைக்காரனுக்கு ஒரு பவுண் எவ்வளவு என்று யோசியுங்கள். அந்த ஜூலையில் மாத்தளை எரிந்தது. புரன் அப்பு ஓகஸ்ட் 8ஆம் திகதி கண்டியில் சுடப்பட்டார். மாத்தளைக் கிளர்ச்சியைத் தேசிய எழுச்சியாகப் பாடநூல் சொல்கிறது, நானும் அப்படித்தான் படிப்பிக்கிறேன். சின்ன மனிதனின் தொழில்மேல் விழுந்த வரியும் அதன் காரணங்களில் ஒன்று என்பதைச் சேர்த்துப் படிப்பித்தால் பிள்ளைகளுக்கு இன்னும் விளங்கும்.

1867இல் கண்டிக்கும், 1880இல் மாத்தளைக்கும் ரயில் வந்தது. தாழ்நிலத்தில் மாட்டு வண்டியும் பிறகு லொறியும் தவளத்தை ஓய்வுபெறச் செய்தன. நக்கிள்ஸ் மலைக்குள் மட்டும் அது பிடிவாதமாக இருபதாம் நூற்றாண்டுக்குள்ளும் நடந்தது. ஏலம் வாங்கப் போகும் வியாபாரி மலை ஏறி லக்கல இறங்கி, ஒரு சிங்கள வீட்டுத் திண்ணையில் தங்கி, காசை உடனே கொடுக்காமல் அடுத்த பயணத்தில் கொடுத்த கதைகளை எங்கட பெரியவங்க சொல்லக் கேட்டிருக்கேன். "பத்திரம் இல்ல, சாட்சி இல்ல, வாய்ச்சொல்லுத்தான்" என்பாங்க. இப்னு கல்தூன் சொன்ன நம்பிக்கை என்பது அந்தத் திண்ணையில் இருந்தது.

அது இலகுவில் உடையவும் கூடியது. 1915இல் ஐந்து மாகாணங்களில் முஸ்லிம் கடைகள்மேல் கலவரம் பாய்ந்தபோது 4,075 கடைகள் கொள்ளையிடப்பட்டன, 86 பள்ளிவாசல்கள் சேதமாயின. பெரும் இலக்கு கரையோர முஸ்லிம்கள் என்று அழைக்கப்பட்ட தென்னிந்திய வணிகர்கள். அடி மட்டும் ஆளைப் பார்த்து விழவில்லை. உடைமைக்குப் பாதுகாப்பு இல்லாத இடத்தில் முதலீடு வராது என்று பொருளியல் நூல்கள் எழுதுவதை, எமது சமூகம் கடைக் கதவில் கற்றது. 2018இல் திகனவில் அதே பாடம் மீண்டும் வந்தது. கடன் வாங்கிக் கட்டிய கடை ஓர் இரவில் சாம்பலானால், அதன் அடுத்த தலைமுறை கடை போடாது, கட்டாருக்கு விசா போடும்.

கடவத்தைகளும் செத்துப்போகவில்லை, பெயரை மாற்றிக்கொண்டன. 1970 தொடக்கம் 1977 வரையான ஆட்சியில் நெல் கொள்வனவு அரசின் ஏகபோகமாகியது, அரிசியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் கொண்டுபோக வீதித் தடை. பஸ்ஸில் பாய்க்குள்ளும் பிள்ளையின் தொட்டிலுக்குள்ளும் அரிசி மறைத்துக் கொண்டுவந்த கதை ஊர்ல எந்த வீட்டுலயும் ஈக்கி. 1977க்குப் பின் கதவு திறந்தது, அதனோடு வந்த நன்மை தீமைகள் தனிக் கட்டுரைக்குரியவை. 2020இல் மஞ்சள் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, குசினியில் கிடந்த மஞ்சள் இராமேஸ்வரக் கடலில் கடத்தல் சரக்கானது. மஞ்சள் நட்ட சிலர் அந்த விலையில் பிழைத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் இரண்டாண்டில், 2022 ஏப்ரலில், வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு அறிவித்தபோது, மூடிய கதவுகள் டொலரைக் காப்பாற்றவில்லை என்பது தெரிந்தது.

அப்படியென்றால் எந்தத் தடையும் கூடாதா? ரிவர்ஸ்டனில் நின்று அப்படிச் சொல்ல முடியாது. நக்கிள்ஸ் காட்டின் கீழ்வளர் செடிகளை வெட்டித்தான் ஏலம் நட்டார்கள். அறுவடையான ஏலத்தைக் காயவைக்க எரித்த விறகும் காட்டு மரம். 1980களின் நடுப்பகுதியில் உயர்காட்டில் ஏலப் பயிர்ச்செய்கை தடுக்கப்பட்டது. 2000இல் இது பாதுகாக்கப்பட்ட வனமானது, 2010இல் மத்திய மலைநாட்டின் உலக மரபுரிமைக்குள் சேர்ந்தது. ஏலம் நட்டவர்களுக்கு அது பெரும் அடி, எமது வியாபாரிகளுக்கும் அடி. ஆனாலும் இந்த மலையில் ஊறும் தண்ணீர்தான் கீழே வயலுக்குப் போகிறது. ஒருவனின் முயற்சி இன்னொருவனின் தண்ணீரை வற்றச் செய்தால் அங்கே சட்டம் வர வேண்டும். அந்தச் சட்டம் முன்கூட்டியே தெரிந்ததாக, பணக்காரனுக்கும் ஏழைக்கும் ஒன்றாக, பழைய வாழ்வை இழப்பவனுக்கு மாற்று வழி காட்டுவதாக இருக்க வேண்டும். முதல் இரண்டும் ஓரளவு இருந்தன. மூன்றாவது போதவில்லை.

மதீனாவில் விலை ஏறியபோது விலையை நிர்ணயித்துத் தரும்படி மக்கள் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். அவர்கள் மறுத்தார்கள். உயிரிலோ பொருளிலோ தனக்கு அநீதி செய்ததாக எவரும் முறையிடாத நிலையில் இறைவனைச் சந்திக்க விரும்புவதாகக் கூறினார்கள் என்பதை அனஸ் (ரழி) அறிவிக்கிறார்கள். சுதந்திரச் சந்தைக்கு ஆதாரமாக இதை எமது வியாபாரிகள் எடுத்துக்காட்டுவார்கள். அதே மார்க்கம் அளவையில் குறைப்பவர்களைப் பற்றி ஒரு தனி சூராவே தந்திருப்பதை அந்த மூச்சிலேயே சொல்வது குறைவு.

இது வெறும் போதனைக்காக எழுதவில்லை. மிளகு விவசாயி காசு முட்டுப்பட்ட மாதத்தில் கொடியில் காய் முற்றுமுன்னே முற்பணம் வாங்குகிறான். முற்பணம் கொடுத்தவர் சொல்லும் விலைதான் பிறகு விலை. களவுக்குப் பயந்து, காசுக்கு அவசரப்பட்டுப் பிஞ்சாகப் பறித்த மிளகு எடை நிற்காது, எண்ணெய் பிழியத்தான் போகும். கொடுத்தவர்களில் எம்மவரும் இருக்கிறார்கள், சிங்கள முதலாளிகளும் இருக்கிறார்கள். ஒல்லாந்தக் கம்பனி துறைமுகத்தில் செய்ததை, ஓர் இரவல் கொப்பி திண்ணையில் செய்துவிடுகிறது. வாங்க ஒரே ஆள் என்றால் அது ஏகபோகம், ஆள் சின்னவனாக இருந்தாலும். வெளியிலும் இதே சறுக்கல் நடந்தது. இந்தியாவுடனான சுதந்திர வர்த்தக ஒப்பந்தத்தின் சலுகையில் வியட்நாம் மிளகு இலங்கை மிளகு என்ற பெயரில் போவதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. 2017 டிசம்பரில் இந்தியா கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை போட்டது. கள்ளப் பெயர் போட்டவர்கள் ஒரு சிலர். அதன் சுமை மாத்தளையில் கொடி வளர்த்தவன் தலையிலும் இறங்கியது.

இன்றைக்கு ஒரு மாற்றம் கண்ணுக்குத் தெரிகிறது. ஏற்றுமதி விவசாயத் திணைக்களம் மிளகின் விலையை வாராவாரம் வெளியிடுகிறது. ரிவர்ஸ்டன் உச்சியில் ஒலிபரப்புக் கோபுரம் நிற்கிறது. லக்கலவின் பழைய பல்லேகம களுகங்கை நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது, மக்கள் புதிய நகரில் இருக்கிறார்கள். அங்கிருந்து மிளகுச் சாக்கோடு பஸ் ஏறும் விவசாயி, மலை ஏறுமுன்பே இரத்தோட்டையில் ஒரு கடைக்கும் மாத்தளை திருகோணமலை வீதியில் இரண்டு கடைக்கும் கோல் எடுத்து விலை கேட்டுவிடுகிறான். கூடச் சொன்ன கடைக்கு முன்னால்தான் சாக்கை இறக்குவான்.